சனிக்கிழமைக்குப் பதினைந்து பேர்: கார்ன்வாலின் கீழ்ப்பிரிவு ரக்பி

1910 ஜனவரி 15 அன்று, லண்டனுக்கு மேற்கே ட்விக்கனத்தில் புதிதாகக் கட்டியிருந்த மைதானத்தில் முதல் சர்வதேச ரக்பி ஆட்டம் நடந்தது. இங்கிலாந்து வேல்ஸை 11-6 என்று வென்றது. அந்த வெற்றியில் பெரும்பங்கு பெர்ட் சாலமன் என்பவருடையது. இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வால் கவுன்டியில், ரெட்ரூத் என்ற சுரங்க ஊரைச் சேர்ந்தவர். பன்றியிறைச்சி பதப்படுத்தும் ஆலையில் தொழிலாளி. பந்தைப் பக்கத்து ஆளுக்குக் கொடுக்கப்போவதுபோல் போக்குக் காட்டி, வேல்ஸின் கடைசிக் காவல்காரரைத் திகைக்கவைத்துவிட்டு ஓடி, எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றி அவர் போட்ட டிரையைப் பற்றி கார்ன்வாலில் இன்றும் பேசுகிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வாங்கிய அணியிலும் அவர் இருந்தார். அவருக்கு வாழ்க்கை முழுக்க இங்கிலாந்து சட்டை காத்திருந்தது. அவரோ அதன்பிறகு அதை அணியவேயில்லை. தேர்வாளர்கள் கூப்பிட்டும் போகவில்லை. தென்னாப்பிரிக்கச் சுற்றுப்பயண அழைப்பையும் மறுத்துவிட்டு ரெட்ரூத்துக்காக ஆடிக்கொண்டிருந்தார்.

கூச்ச சுபாவம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம். எனக்கு என்னவோ அவர் ஒரு கணக்கைத் தெளிவாகப் போட்டுவிட்டார் என்றே படுகிறது. தான் ஆட விரும்பிய ஆட்டம் ரெட்ரூத்தில் சனிக்கிழமை பிற்பகல் நடந்துகொண்டிருந்தது. வேறெங்கும் போகவேண்டிய தேவை அவருக்கு இல்லை. சம்பளமில்லாமல், தொலைக்காட்சி இல்லாமல், சில சமயம் ஐம்பது பேர்கூட வேடிக்கை பார்க்காமல் ஊருக்கு ஊர் நடக்கும் அந்தக் கீழ்ப்பிரிவு ரக்பியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. அங்கே ஒரு லீக்கின் வேலை, யார் முதலிடம் என்று கண்டுபிடிப்பதைவிட, சனிக்கிழமை ஆட்டம் நடந்தே தீரும்படி பார்த்துக்கொள்வதுதான். கடந்த முப்பத்தைந்து, நாற்பது ஆண்டுகளில் இங்கிலாந்தில் செய்த மாற்றங்களில் எவை கைகொடுத்தன, எவை கெடுத்தன என்பதை இந்த ஒரு அளவுகோலால் பார்த்தால் விஷயம் நன்றாகத் தெளிகிறது.

கார்ன்வாலை வரைபடத்தில் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். மூன்று பக்கமும் கடல். கிழக்கே டேமர் ஆறு. அதைத் தாண்டினால் டெவன் கவுன்டி. 2021 கணக்கெடுப்பின்படி சுமார் ஐந்து லட்சத்து எழுபதாயிரம் பேர் வாழும் இந்தத் தீபகற்பத்தில் பெருநகரம் என்று ஒன்று இல்லை. மேற்கு முனையில் செயின்ட் ஜஸ்ட், வடகிழக்கு மூலையில் பியூட். இரண்டுக்கும் ரக்பி கிளப் உண்டு, இடையே சாலைவழித் தொலைவு 130 கிலோமீட்டருக்கும் மேல். ஆங்கிலக் கால்பந்தின் முதல் நான்கு பிரிவுகளில் ஒரு கார்ன்வால் கிளப்கூட இதுவரை ஆடியதில்லை. இங்கே ஊரின் ஆட்டம் ரக்பிதான். பென்ரின் கிளப் 1872-இல் தோன்றியது. ரெட்ரூத் 1875, கேம்போர்ன் 1878. ரெட்ரூத்தும் கேம்போர்னும் ஐந்தாறு கிலோமீட்டர் இடைவெளியிலுள்ள பங்காளி ஊர்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இவை இரண்டும் மோதுவது நெடுநாள் வழக்கம்.

இந்த ஊர்களின் கதையில் தமிழர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. ரெட்ரூத், கேம்போர்ன் வட்டாரம் வெள்ளீயமும் செம்பும் தோண்டிய இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் விலை சரிந்து சுரங்கங்கள் மூடத் தொடங்கியதும், பாறையை அறிந்த அந்த ஆட்கள் உலகெங்கும் பிழைக்கப் போனார்கள். தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று போன வரிசையில் கோலார் தங்கவயலும் இருந்தது. 1880-களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் அங்கே சுரங்கம் நடத்தியபோது, மேற்பார்வையில் கார்ன்வால்காரர்கள். அவர்களின் கீழே பாறையை உடைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டுப் பக்கமிருந்து போன தமிழர்கள், அவர்களிலும் பெருந்தொகையினர் தலித் மக்கள். சொந்த ஊரில் கூலியாக இருந்தவர் கோலாரில் துரையானார். அந்த ஏற்றத்தாழ்வை மறைத்துவிட்டு உறவு கொண்டாட முடியாது. ஆனால் முடிவு இரு பக்கமும் ஒன்றேபோல் வந்தது. கார்ன்வாலின் கடைசி வெள்ளீயச் சுரங்கமான சவுத் கிராஃப்டி 1998 மார்ச்சில் மூடப்பட்டது. கோலார் 2001 பிப்ரவரியில். சுரங்கத்தை நம்பி நின்ற ஊரில் சுரங்கம் போனபின் என்ன மிஞ்சுகிறது என்பது தங்கவயல் குடும்பங்களுக்கு விளக்கிச் சொல்லவேண்டிய விஷயமல்ல. கேம்போர்னில் மிஞ்சியவற்றில் ஒன்று ரக்பி கிளப்.

இங்கே ஒரு கேள்வி எழும். 1895 ஆகஸ்ட் 29 அன்று, வடக்கு இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய கிளப்கள் தலைமைச் சங்கமான ரக்பி ஃபுட்பால் யூனியனிலிருந்து பிரிந்துபோயின. காரணம் கூலி. நிலக்கரிச் சுரங்கத்திலும் பஞ்சாலையிலும் வேலை பார்த்தவர்கள் சனிக்கிழமை ஆடப்போனால் அரைநாள் சம்பளம் போகும். அதை ஈடுகட்டக் கிளப் காசு கொடுக்கலாமா என்பதே வழக்கு. 1893-இல் தலைமைச் சங்கம் 282-க்கு 136 என்ற வாக்கில் கூடாது என்றது. பணக்காரப் பள்ளிகளில் படித்து வந்தவர்களுக்குச் சம்பளமில்லா ஆட்டம் ஒரு பெருமை. சுரங்கத்தொழிலாளிக்கு அது பட்டினி. பிரிந்துபோனவர்கள் 1906-இல் அணியைப் பதின்மூன்று பேராகக் குறைத்தார்கள். அந்த ஆட்டமே இன்று ரக்பி லீக் எனப்படுவது. கார்ன்வால் ஆட்டக்காரர்களும் சுரங்கத்தொழிலாளிகள்தானே, அவர்கள் ஏன் போகவில்லை?

வசதியான பதில், அவர்கள் பழமை விரும்பிகள் என்பது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தூரமே காரணம் என்று நினைக்கிறேன். பிரிந்துபோன கிளப்கள் லங்காஷயரிலும் யார்க்ஷயரிலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. ரயிலில் ஏறினால் ஒரு மணிநேரத்தில் எதிரணி ஊர். பார்க்க ஆயிரக்கணக்கில் ஆலைத்தொழிலாளர்கள் வருவார்கள், வாசலில் காசு சேரும். கேம்போர்ன் தனியாகப் பிரிந்துபோனால் யாரோடு ஆடும்? பக்கத்து டெவனில் சில கிளப்கள் முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு வடக்கு வழியில் போய்ப் பார்த்தன, நிலைக்கவில்லை. பக்கத்து ஊர் இல்லாமல் லீக் இல்லை. கார்ன்வால் ஆட்டக்காரர் கூலியையும் இழந்து, யூனியன் ரக்பியிலேயே நின்றார். அவருடைய சம்பளமில்லா ஆட்டத்துக்கும் லண்டன் வக்கீலின் சம்பளமில்லா ஆட்டத்துக்கும் வெளியே பார்க்க வித்தியாசம் தெரியாது. உள்ளே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

பிரிவினைக்குப் பிறகு தலைமைச் சங்கத்துக்கு லீக் என்றாலே ஒவ்வாமை. வடக்கில் 1892 வாக்கில் தொடங்கிய கிளப் லீக்குகளே போட்டியையும் பணத்தையும் உள்ளே விட்டன என்பது அவர்கள் முடிவு. அதனால் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டுக் காலம் ஆங்கில யூனியன் ரக்பியில் நடந்தவை பெரும்பாலும் நட்பு ஆட்டங்கள்தான். கிளப் செயலாளர் கடிதம் எழுதி, பழகியவர்களோடு தேதி பேசிக்கொள்வார். தாத்தா காலத்தில் தொடங்கிய ஆட்டம் பேரன் காலத்திலும் அதே தேதியில் நடக்கும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அழகுக்குள் ஒரு கதவடைப்பு இருந்தது. பெரிய கிளப் சின்ன கிளப்பை அழைக்காது. அழைக்கவேண்டிய கட்டாயமும் கிடையாது. எத்தனை பலமான அணியைத் திரட்டினாலும் ஒரு கிராமத்துக் கிளப்புக்கு ஏணி என்று ஒன்று இருக்கவில்லை. கவுன்டி அணி ஒன்றே வாசல். அந்த வாசலின் மேல் கார்ன்வால் மக்கள் வைத்திருந்த ஆசை எவ்வளவு என்பதற்கு 1991 சாட்சி. கவுன்டி சாம்பியன்ஷிப் இறுதியில் யார்க்ஷயரைக் கூடுதல் நேரத்தில் 29-20 என்று கார்ன்வால் வென்றபோது, ட்விக்கனத்தில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். கறுப்பும் பொன்னிறமும் அணிந்து டேமர் தாண்டி வந்த அந்தக் கூட்டத்துக்கு டிரெலானியின் படை என்று பெயர்.

1987-இல் ஏணி வந்தது. கரேஜ் என்ற பியர் நிறுவனத்தின் பணத்தோடு, ஏறத்தாழ ஆயிரம் கிளப்களை 108 பிரிவுகளில் அடுக்கி, உச்சியிலிருந்து அடிமட்டம்வரை ஒரே கோபுரம் கட்டினார்கள். ஒவ்வொரு பிரிவிலும் மேலே வந்தவர் ஏறலாம், கீழே போனவர் இறங்கவேண்டும். கார்ன்வாலின் சிறு கிளப்களுக்கு இது முதலில் விடுதலையாகவே இருந்தது. யாருடைய தயவும் தேவையில்லை. அட்டவணையில் பெயர் இருந்தால் எதிரணி வந்தே ஆகவேண்டும். ஹெல்ஸ்டன், ஸ்டிதியன்ஸ், பெரன்போர்த் போன்ற ஊர்களின் பெயர் நாட்டின் பெரிய கிளப்கள் இருந்த அதே கோபுரத்தில் ஒரு படியில் எழுதப்பட்டது. பக்கத்துக் கவுன்டியான டெவனின் எக்ஸிட்டர் கிளப் இந்த ஏணியில் ஏறி 2010-இல் முதல் பிரிவை அடைந்து 2017-இல் நாட்டின் சாம்பியனே ஆனது. நட்பு ஆட்ட உலகத்தில் இது கனவிலும் நடந்திருக்காது. ஏணியைக் குறைசொல்லுமுன் இதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

ஆனால் ஏணி என்பது ஏறச் சொல்லும் பொருள். ஒரு கிராமத்துக் கிளப் கார்ன்வால் பிரிவில் தொடர்ந்து ஜெயித்தால் அதற்குக் கிடைக்கும் பரிசு, டெவன் கிளப்களும் கலந்த மேல்பிரிவு. பென்சான்ஸ் பக்கத்திலிருந்து டெவனின் வடகரைக்குப் போக ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். பக்கத்து ஊரில் ஆடிமுடித்து மாலையே வீடு திரும்பும் வாழ்க்கை, காலை எட்டு மணிக்குப் பேருந்தில் ஏறி இரவு ஒன்பது மணிக்கு இறங்கும் வாழ்க்கையாகிறது. ரெட்ரூத் தேசியப் பிரிவில் ஆடிய ஆண்டுகளில் கென்ட்டின் கேன்டர்பரிக்கும் போகவேண்டியிருந்தது. ஒரு வழியே ஐந்நூறு கிலோமீட்டர். அந்த மட்டத்தில் பயணத்துக்கு உதவித்தொகை உண்டு, ஆட்டக்காரர்களும் ஓரளவு ஆயத்தமானவர்கள். கீழே அப்படி இல்லை. பால்மாடு வைத்திருப்பவர் காலை, மாலை இரு வேளையும் கறந்தாகவேண்டும். உள்ளூர் ஆட்டத்துக்கு அவர் வருவார். டெவன் ஆட்டத்துக்கு வரமாட்டார். மீன்பிடிப் படகில் இருப்பவர் கடலின் ஏற்றவற்றத்தைப் பார்ப்பார், லீக் அட்டவணையைப் பார்க்கமாட்டார். ஆக, ஏறிய அணி ஏறும்போது இருந்த அணியாக இருப்பதில்லை. வெற்றியைக் கொடுத்த அந்தப் பதினைந்து பேரில் நாலைந்து பேர் தூரத்தாலேயே கழிந்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு தோல்வி. அதற்கடுத்த ஆண்டு இறக்கம்.

கீழ்ப்பிரிவு கிளப்பில் ஒரு வாரம் எப்படிப் போகிறது என்று அருகில் பார்க்கவேண்டும். திங்கட்கிழமை, வரக்கூடியவர்கள் என்று இருபத்தைந்து பெயர் கைபேசியில் சேரும். வியாழன் மாலைப் பயிற்சிக்கு, மழையானால், பன்னிரண்டு பேர் வருவார்கள். வெள்ளி இரவு மருத்துவமனையில் ஷிஃப்ட் மாறிவிட்டது என்று ஒருவர். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒருவர். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, அணி நிர்வாகி பழைய ஆட்டக்காரர்களுக்கு ஒவ்வொருவராக ஃபோன் போடத் தொடங்குவார். நாற்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று மனைவியிடம் சத்தியம் செய்தவர், அரைமணி நேரம் மட்டும் என்று பூட்ஸைத் தேடுவார். இன்னொரு பக்கம் கோடு கிழிப்பவர், கம்பத்துக்கு உறை மாட்டுபவர், ஆட்டம் முடிந்தபின் இரு அணிக்கும் போடவேண்டிய சாப்பாட்டை அடுப்பில் ஏற்றுபவர். இவர்கள் எவருக்கும் சம்பளம் கிடையாது. எதிரணியிடமிருந்து காலை பதினொரு மணிக்கு 'எங்களுக்கு ஆள் சேரவில்லை' என்று தகவல் வந்தால் கோடு, சாப்பாடு, பாரில் அன்று விற்றிருக்கவேண்டிய பியர், நடுவரின் பயணம் எல்லாம் வீண். வராத அணிக்குப் புள்ளி வெட்டு உண்டு. அடிக்கடி நடந்தால் லீக்கைவிட்டே நீக்கவும் விதி உண்டு. இருந்தாலும் ஆள் இல்லாத ஊரைத் தண்டித்து ஆளை வரவழைக்க முடியுமா?

பதினைந்து பேரிலும் மிக அரிதானவர்கள் முன்வரிசைக்காரர்கள். ஸ்க்ரம் என்பது இரு பக்கமும் எட்டெட்டுப் பேர் குனிந்து, தோளோடு தோள் பூட்டித் தள்ளும் நிலை. அதன் முன்னணியில் மூவர்: இடப்பக்கம் லூஸ்ஹெட் ப்ராப், நடுவே ஹூக்கர், வலப்பக்கம் டைட்ஹெட் ப்ராப். பின்னாலிருக்கும் ஐந்து பேரின் தள்ளும் பலமும் எதிரணியின் எட்டுப் பேர் பலமும் இந்த மூவரின் கழுத்திலும் முதுகிலும்தான் சந்திக்கின்றன. பழகாதவரை அங்கே நிறுத்தினால் கழுத்தெலும்பே போய்விடலாம். ஆகவே ஆட்டத்துக்கு முன்பே நடுவர் இரு அணியிடமும் முன்வரிசைக்குத் தகுதியானவர் யார் யார் என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். 'கிரவுச், பைண்ட், செட்' என்று அவர் சொல்லும் மூன்று கட்டளைகளில் முதல் சொல்லுக்குக் குனிந்து, இரண்டாவதற்கு எதிராளியின் சட்டையைப் பற்றி, மூன்றாவதற்குத்தான் இணையவேண்டும். தகுதியான மூவர் இல்லையென்றால், அல்லது ஒருவர் அடிபட்டு மாற்றாள் இல்லையென்றால், தள்ளாத ஸ்க்ரம். பூட்டிக்கொண்டு நிற்பார்கள், தள்ளக்கூடாது, பந்தைப் போட்ட அணியே எடுத்துக்கொள்ளும். பாதுகாப்பானது, ஆனால் கனத்த உடம்போடு வாரம் முழுக்க அந்த நிமிடத்துக்காகக் காத்திருக்கும் ப்ராப்புக்கு அதில் வேலை எதுவும் இல்லை. நாலு வாரம் தொடர்ந்து இப்படி நடந்தால் அவரும் வருவதை நிறுத்திவிடுவார். ஒரு ப்ராப் இல்லாத குறை இன்னொரு ப்ராப்பையும் விரட்டுகிறது.

இந்தக் கீழ்ப்பிரிவு மண்தான் 2003 நவம்பர் 22 அன்று சிட்னியில் உலகக் கோப்பை இறுதியில் இங்கிலாந்தின் முன்வரிசைக்கு இரு பக்கத்துக்கும் ஆள் கொடுத்தது. இடப்பக்கம் டிரெவர் வுட்மன், லிஸ்கார்ட்-லூ கிளப்பில் ஆடி வளர்ந்தவர். வலப்பக்கம் ஃபில் விக்கரி, விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, பியூட் கிளப்பிலிருந்து ரெட்ரூத் வழியாகப் போனவர். சனிக்கிழமை காலையில் ஃபோன் போட்டு ஆள் சேர்க்கும் கிளப்களிலிருந்து இரு உலகச் சாம்பியன்கள். தலைமைச் சங்கம் இதைப் பெருமையாகச் சொல்லும், அதில் தவறில்லை. ஆனால் அந்த கிளப்கள் உலகச் சாம்பியன்களை உருவாக்குவதால் மட்டும் மதிப்புப் பெற்றவை என்ற தொனியும் அதில் வந்துவிடுகிறது. விக்கரியோடு பியூட்டில் ஆடி, பியூட்டிலேயே ஆடி முடித்தவர்களுக்கும் அந்த மைதானம் அதே அளவு சொந்தம்.

அந்த முன்வரிசையின் நடுவே நின்ற ஹூக்கர் ஸ்டீவ் தாம்சன். தனக்கு இளவயதிலேயே மறதிநோய் வந்துவிட்டதாகவும், உலகக் கோப்பையை வென்றதே நினைவில் இல்லை என்றும் 2020 டிசம்பரில் அவர் வெளிப்படையாகச் சொன்னார். தலையில் பட்ட அடிகளால் வரும் மூளைநோய் தனக்கு இருக்கக்கூடும் என்று மருத்துவர்கள் கருதுவதாக 2023-இல் விக்கரியும் தெரிவித்தார். இதையும் சேர்த்தே ரக்பியை நேசிக்கவேண்டியிருக்கிறது. இந்தப் பின்னணியில் 2023 ஜனவரியில் தலைமைச் சங்கம் கீழ்ப்பிரிவுகளில் இடுப்புக்கு மேலே பிடித்து வீழ்த்தக்கூடாது என்று அறிவித்தது. கிளப்களைக் கலந்து பேசவில்லை. எழுபத்தைந்தாயிரம் பேருக்கு மேல் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். சங்கம் மன்னிப்புக் கேட்டது. ஜூலை முதல், மார்பெலும்பின் அடிப்பகுதிக்கு மேலே பிடிக்கக்கூடாது என்ற தளர்ந்த வடிவில் விதி நடைமுறைக்கு வந்தது. விதி சரி, வந்த விதம் தவறு என்பது என் எண்ணம். தன் மகனின் தலையைக் காப்பாற்றும் விதியை ஒரு கிளப் எதிர்த்து நிற்கும்படி செய்ததே அந்த அறிவிப்பின் தோல்வி. சனிக்கிழமை ஆட்டத்தை நடத்துபவரைக் கேட்காமல் சனிக்கிழமையை மாற்றினால் இப்படித்தான் ஆகும்.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1995 ஆகஸ்டில் பாரிசில் கூடிய சர்வதேசச் சங்கம், ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று அறிவித்தது. ஹடர்ஸ்ஃபீல்டு பிரிவினைக்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து. கார்ன்வாலில் அதன் பலனை முழுதாகப் பயன்படுத்திய கிளப் பென்சான்ஸ்-நியூலின். டிக்கி எவன்ஸ் என்ற தொழிலதிபரின் பணத்தோடு வட்டாரப் பிரிவுகளிலிருந்து ஏறி 2003-இல் நாட்டின் இரண்டாம் பிரிவை அடைந்து, கார்னிஷ் பைரேட்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஏறிய பிறகு சொந்த ஊரைவிட்டு சில ஆண்டுகள் ட்ரூரோவிலும் கேம்போர்னிலும் ஆடிவிட்டுத்தான் பென்சான்ஸுக்குத் திரும்பியது. கார்ன்வாலுக்கு அந்த அணி கொடுத்த மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்ல மனமில்லை. ஆனால் மேல்மட்டத்துப் பணம் எவ்வளவு நிலையற்றது என்பதை 2022, 2023 இரண்டு ஆண்டுகளும் காட்டிவிட்டன. வோர்ஸ்டர், வாஸ்ப்ஸ், லண்டன் ஐரிஷ் ஆகிய மூன்று முதல்பிரிவு கிளப்கள் கடனில் மூழ்கின. இரண்டாம் பிரிவை வென்ற கையோடு ஜெர்சி ரெட்ஸும் மூடியது. செயின்ட் ஜஸ்ட்டில் கடன் கொடுக்கவும் ஆளில்லை, மூழ்கவும் வழியில்லை.

2022-இல் வந்த மறுசீரமைப்பு நான் சொல்லும் திசையில் எடுத்துவைத்த உண்மையான அடி. பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் பருவம் பாதியில் நின்றது. அடுத்த பருவம் நடக்கவேயில்லை. அந்த இடைவெளியில் பயணத்தைக் குறைப்பது பற்றி யோசிக்க நேரம் கிடைத்தது. பல பிரிவுகளில் பதினான்காக இருந்த அணிகளைப் பன்னிரண்டாக்கினார்கள்; பருவத்துக்கு இருபத்தாறு ஆட்டம் என்பது இருபத்திரண்டானது, நடுநடுவே ஓய்வு வாரங்கள் கிடைத்தன. ஐந்தாம், ஆறாம் மட்டங்களுக்கு ரீஜனல் என்றும், அதற்குக் கீழே கவுன்டீஸ் என்றும் பெயர் வைத்தார்கள். கார்ன்வால் கிளப்களில் ஓரளவு வலுவானவை ஏழாம் மட்டத்தில் டெவன் கிளப்களோடு ஆடும். மற்றவை எட்டிலும் ஒன்பதிலும் கார்ன்வாலுக்குள்ளேயே. ஆள் குறைந்தால் ஆட்டத்தைக் கைவிடாமல், இரு பக்கமும் பத்துப் பேர் வரை சமமாகக் குறைத்தோ, நேரத்தைச் சுருக்கியோ, தள்ளாத ஸ்க்ரமோடோ ஆடிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும் கீழ்மட்டத்தில் உண்டு. 'கேம் ஆன்' என்று அதற்குப் பெயர். சில கவுன்டிகளில் பெரிய கிளப்களின் இரண்டாம் அணிகளையும் லீக்குக்குள் சேர்த்துக்கொண்டார்கள். இப்படிப் பன்னிரண்டு பேரோடு ஆடியது ரக்பிதானா என்று கேட்பவர்கள் உண்டு. ஆடாமல் போன சனிக்கிழமையோடு ஒப்பிட்டால் அது ரக்பிதான்.

ஆனால் விதிகளால் ஆகாத ஒன்று இருக்கிறது. பதினெட்டு வயதுவரை கார்ன்வால் கிளப்களில் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னப் பிள்ளைகள் மைதானம் முழுக்க ஓடுகிறார்கள், பெண்பிள்ளைகளின் அணிகளும் இப்போது பல ஊர்களில் வந்துவிட்டன. பதினெட்டுக்கு மேல் படிக்கவும் பிழைக்கவும் பிளிமத், எக்ஸிட்டர், பிரிஸ்டல் என்று கிளம்பிவிடுகிறார்கள். திரும்பிவர நினைத்தாலும் வீடு கிடைக்காது. கடற்கரை ஊர்களின் வீடுகளை லண்டன் பணக்காரர்கள் விடுமுறைக்கென்று வாங்கிப் பூட்டிவைத்திருக்கிறார்கள். மிச்சத்தைக் கோடைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். செயின்ட் ஐவ்ஸ் ஊர் மக்கள் 2016-இல் வாக்கெடுப்பு நடத்தி, இனிக் கட்டும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கே என்று முடிவெடுத்தார்கள். செயின்ட் ஐவ்ஸுக்கும் ரக்பி கிளப் உண்டு. குளிர்காலத்தில் விளக்கெரியாத தெருக்கள் இருக்கும் ஊரில் குளிர்கால ஆட்டத்துக்குப் பதினைந்து பேரை எங்கிருந்து எடுப்பது? கீழ்ப்பிரிவு ரக்பியின் சரிவைப் பற்றி எழுதுபவர்கள் இளைஞர்களின் சோம்பலையும் கைபேசியையும் குறைசொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. வீட்டு வாடகையைப் பார்க்காமல் ரக்பி அட்டவணையைப் படிக்கமுடியாது.

தலைமைச் சங்கத்தின் கையில் வீட்டு விலை இல்லை. அட்டவணை இருக்கிறது. எட்டாம் மட்டமும் அதற்குக் கீழும் வெற்றி, தோல்வி, புள்ளி என்ற பத்திகளோடு, நடக்காமல் போன ஆட்டங்கள் எத்தனை என்ற பத்தியையும் சேர்த்து அச்சிடவேண்டும். ஒரு பிரிவு நன்றாக நடக்கிறதா என்பதை அந்தப் பத்தியை வைத்தே அங்கே முடிவுசெய்யவேண்டும். எதிரணிக்கு ஆள் குறையும்போது தன் ஆட்களில் இருவரைக் கொடுத்து ஆட்டத்தை நடத்திய கிளப்புக்கு ஒரு புள்ளி கொடுக்கலாம்; நான்கு டிரை போட்டதற்கும், ஏழு புள்ளிக்குள் தோற்றதற்கும் இப்போதே போனஸ் புள்ளி கொடுக்கிறார்கள். ஏற விரும்பும் கிளப் ஏறட்டும், எக்ஸிட்டர் ஏறியதுபோல். ஏறினால் பால்மாட்டுக்காரரையும் படகுக்காரரையும் இழக்கவேண்டிவரும் என்று தெரிந்து, முதலிடம் வந்தும் அதே பிரிவில் இருக்க விரும்பும் கிளப்பை, விளக்கம் கேட்காமல் அங்கேயே இருக்கவிடவேண்டும். தாங்களாகவே முன்வந்து கீழே இறக்கச் சொல்லிக் கேட்ட கிளப்கள் இங்கிலாந்தில் ஏற்கெனவே உண்டு. அவர்களின் காரணங்களை எழுதி வாங்கி, அடுத்த மறுசீரமைப்புக் குழுவின் மேசைமீது முதல் கோப்பாக வைக்கவேண்டும்.